சமாதானத் தூதர் டாக்டர் ரால்ப் பஞ்ச்

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்றொரு பெருநகர் உண்டு. 1927ஆம் ஆண்டில் அந்நகரின் கறுப்பின மக்கள் தம் இனத்து இளைஞர் ஒருவரின் மேற்படிப்புக்காக ஆயிரம் டாலர் நிதி திரட்டினர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவ்விளைஞருக்கு உதவித்தொகை அளித்திருந்தது. ஆயினும் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்லவும், அங்குத் தங்கி உண்ணவும் அவரிடம் பொருள் இல்லை. அக்குறையைத் தீர்த்தவர்கள், தாமே பல குறைகளுக்கிடையில் வாழ்ந்த அம்மக்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1949ஆம் ஆண்டில் அதே மனிதர் மத்தியதரைக் கடலில் உள்ள ரோட்ஸ் தீவில் அமர்ந்து, போர்க்களத்தில் எதிரெதிர் நின்ற நாடுகளின் தூதர்களைப் பேசவைத்து, உடன்படிக்கையில் கையொப்பமிடச் செய்தார். அடுத்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவர்தாம் டாக்டர் ரால்ப் பஞ்ச்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகிகள் கேட்டபோது, என் நினைவுக்கு முதலில் வந்தது அந்த ஆயிரம் டாலர்தான். நம் சங்கமும் வீடுதோறும் சென்று திரட்டிய சிறு தொகையில் தொடங்கியதே. அத்தகைய சிறு தொகை உலக வரலாற்றில் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அதைவிட முதன்மையான மற்றொன்றையும் அறிய வேண்டும். ஒருவருக்கு இரங்கி அளிக்கப்படும் சலுகை வேறு, எல்லார்க்கும் எழுதி உறுதிசெய்யப்படும் உரிமை வேறு. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுதும் மறவாது நின்றவர் பஞ்ச்.

பாட்டியின் பேரன்

மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆகஸ்ட் மாதம் 7ஆம் நாள் ரால்ப் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளி. தாயார் இசையில் ஈடுபாடு மிக்கவர், ஆனால் உடல்நலம் குன்றியவர். தாயாரின் நலத்திற்காகக் குடும்பம் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தது. எனினும் 1917ஆம் ஆண்டில் அவ்வம்மையார் காலமானார். தந்தையாரும் குடும்பத்தைவிட்டுப் பிரிந்துபோனார். பள்ளிச் சிறுவனான ரால்பும் அவர் தங்கையும் தாய்வழிப் பாட்டியாகிய லூசி ஜான்சன் அம்மையாரின் பொறுப்பில் வந்தனர்.

அடிமை முறை ஒழிவதற்கு முன் பிறந்தவர் அப்பாட்டி. உருவத்தில் சிறியவர், உறுதியில் மலை போன்றவர். நிறத்தால் அவரை வெள்ளையர் எனவே பிறர் கருதக்கூடும். ஆனால் தாம் கறுப்பினத்தவர் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினார். ரால்ப் செய்தித்தாள் விற்றார், பிறர் வீட்டில் ஏவல் செய்தார், கம்பளம் விரிக்கும் நிறுவனத்தில் கூலி வேலை செய்தார்.

அக்காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளைக் கைத்தொழில் வகுப்பில் சேர்ப்பது பள்ளிகளின் வழக்கம். உயர்கல்விக்குச் செல்லும் வழி அவர்களுக்கு வேண்டியதில்லை என்பது பள்ளிகளின் எண்ணம். ரால்பையும் அவ்வாறே சேர்த்தனர். செய்தியறிந்த பாட்டி நேரே பள்ளிக்குச் சென்றார். தம் பேரன் கல்லூரிக்குச் செல்லவிருப்பதாகவும், அதற்குரிய பாடங்களையே கற்பிக்க வேண்டுமெனவும் தலைமையாசிரியரிடம் உறுதியாகக் கூறினார். பள்ளி பணிந்தது. அன்று அம்மூதாட்டி வாய்திறவாது இருந்திருப்பின், உலகம் ஒரு தச்சரையோ கொல்லரையோ பெற்றிருக்கும். அத்தொழில்கள் இழிவானவை அல்ல. பிறப்பைப் பார்த்துப் பிறர் முடிவு செய்வதே இழிவு.

1922ஆம் ஆண்டில் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளியில் ரால்ப் முதல் மாணவராகத் தேறினார். எனினும் நகரின் சிறந்த மாணவர்களுக்கான கௌரவச் சங்கத்தில் அவருக்கு இடம் தரப்படவில்லை. காரணம் நிறமன்றி வேறில்லை. பட்டமளிப்பு நாளில் தலைமையாசிரியர் பாட்டியை வாழ்த்தினார். ரால்பைத் தாங்கள் கறுப்பினத்தவனாகவே எண்ணியதில்லை எனப் பாராட்டும் தொனியில் கூறினார். பாட்டி அப்பாராட்டை ஏற்கவில்லை. அது தம் பேரனுக்கும் அவன் இனத்துக்கும் இழைக்கும் அவமதிப்பு என்றும், தன் இனத்தைக் குறித்து அவன் பெருமையே கொள்கிறான் என்றும் அங்கேயே எடுத்துரைத்தார்.

இந்நிகழ்ச்சியைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நான் பத்தாம் வகுப்புத் தேர்வில் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, பரிசு வழங்க வந்த பெரிய மனிதர் ஒருவர், இவனைப் பார்த்தால் அந்தத் தெருப் பையன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் எனக் கூறி என் தோளைத் தட்டினார். கூட்டம் கைதட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி என் தந்தையார் நின்றிருந்தார். நான் கைகூப்பி நன்றி கூறினேன். அந்த நன்றி இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. அப்பெரியவர் என்னை உயர்த்துவதாக எண்ணி என் தெருவைத் தாழ்த்தினார். நான் அதற்கு உடன்பட்டேன். லூசி ஜான்சன் அம்மையார் உடன்படவில்லை. பாட்டி காட்டிய அவ்வழியே பஞ்ச் அவர்களின் வாழ்நாள் வழியாயிற்று.

கல்வியும் ஆய்வும்

உடற்பயிற்சிக் கூடத்தைத் துப்புரவு செய்தும், கூடைப்பந்து ஆடி உதவித்தொகை பெற்றும், அந்நகரிலேயே இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கிளையில் ரால்ப் கல்வி கற்றார். 1927ஆம் ஆண்டில் அங்கும் முதன்மை மாணவராகத் தேறினார். அதன் பின்னரே சமூகம் திரட்டிய ஆயிரம் டாலருடன் ஹார்வர்டு சென்றார். 1928ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்று, வாஷிங்டன் நகரில் கறுப்பின மாணவர்களுக்கெனச் சிறந்து விளங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கு அரசியல் துறையை நிறுவித் தலைமை தாங்கினார்.

ஆசிரியப் பணியிலிருந்துகொண்டே முனைவர் பட்டத்திற்கு ஆய்வு மேற்கொண்டார். அவர் தேர்ந்த பொருள் நம் கவனத்திற்குரியது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோலாந்து, டகோமி என இரு நாடுகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. டகோமி நேரடியான குடியேற்ற நாடு. டோகோலாந்தோ முதல் உலகப் போருக்குப் பின், சர்வதேச சங்கத்தின் மேற்பார்வைக்குட்பட்டு ஒப்படைக்கப்பட்ட நாடு. மேற்பார்வை உள்ள நாட்டு மக்களின் வாழ்வு, அஃது இல்லாத நாட்டு மக்களின் வாழ்வினும் மேம்பட்டிருந்ததா என்பதே அவர் எழுப்பிய வினா. ஆப்பிரிக்காவிற்கே சென்று ஆராய்ந்தார். வேறுபாடு பெரிதாக இல்லை எனக் கண்டார். உடன்படிக்கை தாளில் இருந்தது. அதை நிறைவேற்றச் செய்யும் வழி அதில் இல்லை. ஆளப்படும் மக்களின் குரலுக்கும் அதில் போதிய இடமில்லை.

1934ஆம் ஆண்டில் ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அமெரிக்காவில் அரசியல் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆய்வேட்டிற்குப் பரிசும் கிடைத்தது. 1936 முதல் 1938 வரை லண்டனிலும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலும் மேலாய்வு செய்தார். பின்னர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் குன்னார் மிர்தால், அமெரிக்க நிறவேற்றுமை குறித்து மேற்கொண்ட பேராய்வில் உதவியாளராகப் பணியாற்றினார். 1944ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பெருநூலுக்குப் பஞ்ச் திரட்டியளித்த செய்திகள் பல ஆயிரம் பக்கங்கள் கொண்டவை.

சாசனம் வரைந்த கை

இரண்டாம் உலகப் போரின்போது ஆப்பிரிக்கா பற்றி நன்கறிந்தவர்கள் அமெரிக்க அரசுக்குத் தேவைப்பட்டனர். பஞ்ச் அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டார். போர் முடியும் தறுவாயில், இனியொரு பெரும்போர் நிகழாவண்ணம் உலக அமைப்பொன்றை நிறுவ வல்லரசுகள் முனைந்தன. 1944ஆம் ஆண்டில் நடந்த டம்பார்ட்டன் ஓக்ஸ் மாநாட்டிலும், 1945ஆம் ஆண்டில் நடந்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலும் அமெரிக்கக் குழுவின் ஆலோசகருள் ஒருவராக அவர் பங்கேற்றார்.

1945 ஜூன் 26ஆம் நாள் 50 நாடுகள் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்டன. அச்சாசனத்தின் 11ஆம், 12ஆம் அத்தியாயங்களைச் செப்பம் செய்ததில் பஞ்ச் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தன்னாட்சி பெறாத மக்களை ஆளும் நாடுகள், அம்மக்களின் நலனையே முதன்மையாகக் கொள்ளும் கடமையுடையவை என்று 11ஆம் அத்தியாயம் கூறுகிறது. பொறுப்பாட்சிக்கு ஒப்படைக்கப்படும் நாடுகள் தன்னாட்சியை அல்லது விடுதலையை நோக்கி நடத்திச் செல்லப்பட வேண்டும் என 12ஆம் அத்தியாயம் விதிக்கிறது. இனம், பால், மொழி, சமயம் எனும் வேற்றுமையின்றி மனித உரிமைகளை மதிக்கச் செய்வதும் அவ்வாட்சியின் நோக்கங்களுள் ஒன்று. அடுத்த அத்தியாயத்தில், அந்நாட்டு மக்கள் ஐ.நா. அவைக்கே மனு எழுதலாம் என்றும், அவையின் குழுவினர் நேரில் சென்று பார்வையிடலாம் என்றும் வழி செய்யப்பட்டது.

இளைஞர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். டோகோலாந்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் எது இல்லையெனக் கண்டாரோ, அது பதினைந்து ஆண்டுகளுக்குள் உலகச் சாசனத்தில் இடம்பெற்றது. மேற்பார்வை வேண்டும், மனுக் கொடுக்கும் உரிமை வேண்டும், சென்றடைய வேண்டிய இலக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றைச் செய்தவர் பஞ்ச் ஒருவரே என்று கூறுவது பொருந்தாது. பலர் உழைத்தனர். ஆனால் ஆளப்பட்டோரின் நிலையைத் தம் உடம்பிலேயே உணர்ந்த ஒருவர் அம்மேசையில் இருந்தார்.

1946ஆம் ஆண்டில் அவர் ஐ.நா. பணிக்கு மாறிப் பொறுப்பாட்சித் துறையின் தலைமையை ஏற்றார். அம்முறையின்கீழ் வந்த நாடுகள் 11. அவை அனைத்தும் விடுதலை பெற்றோ அண்டை நாடுகளுடன் இணைந்தோ தத்தம் நிலையை எய்தின. இறுதியாகப் பலாவு தீவு நாடு 1994ஆம் ஆண்டில் விடுதலை பெற்றதும், பொறுப்பாட்சி மன்றம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. செய்துமுடித்துவிட்டதால் வேலையின்றிப் போவதைக் காட்டிலும் ஒரு மன்றத்திற்குப் பெருமை வேறு ஏது?

ரோட்ஸ் தீவில்

1948 மே மாதம் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிவுற்றது. இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது. உடனே அதற்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. ஸ்வீடன் நாட்டுப் பிரபுவான போல்க் பெர்னடாட் ஐ.நா.வின் நடுவராக நியமிக்கப்பட்டார். பஞ்ச் அவருக்கு உறுதுணையாகச் சென்றார். தற்காலிகப் போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க ஆயுதமேந்தாத பார்வையாளர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுக்கான விதிமுறைகளை வகுத்ததில் பஞ்ச் முன்னின்றார். ஐ.நா. அமைதி காக்கும் பணியின் தொடக்கம் இதுவே.

செப்டம்பர் 17ஆம் நாள் எருசலேம் நகரில் பெர்னடாட் சுட்டுக் கொல்லப்பட்டார். யூதத் தீவிரவாதக் குழுவொன்று அக்கொலையைச் செய்தது. அவருக்கருகில் அமர்ந்திருந்த பிரெஞ்சுப் படை அதிகாரியும் உயிரிழந்தார். அவ்விருக்கை பஞ்ச் அமர்ந்திருக்க வேண்டிய இருக்கை. வழியில் ஏற்பட்ட தாமதம் அவரைக் காத்தது. தலைவரின் உடல் கிடந்த அந்நாளிலேயே, அவர் விட்ட பொறுப்பு பஞ்ச் அவர்களின் தோளில் வந்து விழுந்தது. அவர் அஞ்சி விலகவில்லை.

1949 ஜனவரியில் ரோட்ஸ் தீவின் விடுதியொன்றில் எகிப்து, இஸ்ரேல் நாடுகளின் தூதுக்குழுவினர் கூடினர். ஒரே அறையில் அமர்வதற்கே தயக்கம் இருந்தது. பஞ்ச் ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே சந்தித்தார். பின்னர்ப் படிப்படியாக இருவரையும் ஒன்றாக அமர்த்தினார். பெரிய சிக்கல்களை முதலில் தொடவில்லை. நிகழ்ச்சி நிரலையே ஓர் ஆவணமாக்கி, அதற்கு இருதரப்பாரின் கையொப்பத்தையும் பெற்றார். நிகழ்ச்சி நிரலுக்குக் கையொப்பம் எதற்கு என்று நாம் கேட்கலாம். பகைவர் இருவருக்கும் சேர்ந்து கையொப்பமிடும் பழக்கம் உண்டாக வேண்டும் என்பதே அவர் கருத்து. சிறியதில் உடன்பட்டவர் பெரியதிலும் உடன்படுவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரவு பகல் பாராது பேச்சு நடந்தது. அவர் உறங்கியது சில மணி நேரமே. உடன்படிக்கை உருவாகும் முன்னரே அத்தீவின் புகழ்பெற்ற பீங்கான் தட்டுகளை நினைவுப் பரிசாகச் செய்துவைத்திருந்தார் என்பர். பேச்சு முறியும் நிலை வந்தபோது அவற்றைக் காட்டி, உடன்பட்டால் ஆளுக்கொன்று பரிசு, இல்லையேல் இவற்றை உங்கள் தலையிலேயே உடைப்பேன் என வேடிக்கையாகக் கூறினாராம். கடுமையும் நகைச்சுவையும் ஒன்றாகப் பொருந்திய மனிதர் அவர்.

பிப்ரவரி 24ஆம் நாள் எகிப்தும் இஸ்ரேலும் கையொப்பமிட்டன. மார்ச் 23ஆம் நாள் லெபனானும், ஏப்ரல் 3ஆம் நாள் ஜோர்டானும், ஜூலை 20ஆம் நாள் சிரியாவும் இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. நான்கு உடன்படிக்கைகள். அவை போரை நிறுத்தின. ஆனால் நிலையான சமாதானத்தைத் தரவில்லை. வீடிழந்து வெளியேறிய பல லட்சம் பாலஸ்தீன மக்கள் ஊர் திரும்பவில்லை. 1956, 1967, 1973 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பெரும்போர்கள் மூண்டன. இன்றளவும் அப்பகுதி அமைதி காணவில்லை. துப்பாக்கியை நிறுத்துவது ஒரு பணி, நீதியை நிலைநாட்டுவது மற்றொரு பணி. முதற்பணி முடிந்ததனால் இரண்டாம் பணி முடிந்ததாகாது என்பதைப் பஞ்ச் நன்கறிந்திருந்தார்.

நோபல் பரிசுச் செய்தி வந்தபோது அதனை மறுத்துவிடவே அவர் எண்ணினார். ஐ.நா. ஊழியர் அமைதிக்குப் பாடுபடுவது கடமை, அதற்குப் பரிசு எதற்கு என்பது அவர் நினைவு. பொதுச் செயலாளர் திரிக்வே லீ வற்புறுத்தியதன் பேரிலேயே ஏற்றுக்கொண்டார்.

மறுத்த பதவியும் மறுத்த இடமும்

ரோட்ஸ் வெற்றிக்குப் பின் தாய்நாடு அவரைக் கொண்டாடியது. 1949ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவருக்கு வெளியுறவுத் துறையின் துணைச் செயலாளர் பதவியை அளிக்க முன்வந்தார். அதுவரை எந்தக் கறுப்பினத்தவரும் எட்டாத உயரம் அது. பஞ்ச் ஏற்கவில்லை. அப்பதவியை ஏற்றால் வாஷிங்டன் நகரில் குடியிருக்க வேண்டும். அந்நாளில் நாட்டின் தலைநகரிலேயே பள்ளிகள் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. உணவு விடுதிகளிலும் திரையரங்குகளிலும் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. பதவியில் இருப்பவருக்கு மட்டும் கதவு திறக்கும், அவருடைய இனத்தாருக்குத் திறக்காது. அத்தகைய நகரில் மீண்டும் வாழத் தமக்கு விருப்பமில்லை என அவர் வெளிப்படையாகவே அறிவித்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1959ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் அவர் மகன் டென்னிஸ் பயின்றுவந்தான். புகழ்வாய்ந்த டென்னிஸ் சங்கம் ஒன்றில் உறுப்பினராவது குறித்துக் கேட்டபோது, கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் அங்கு இடமில்லை என்ற விடை கிடைத்தது. செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சங்கத் தலைவர் விலகினார். சங்கம் வருத்தம் தெரிவித்து உறுப்பினராகச் சேர அவரை அழைத்தது. பஞ்ச் அதனையும் ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்றவரின் மகன் என்பதனால் திறக்கும் கதவு, பெயரற்ற ஓர் ஏழையின் மகனுக்குத் திறக்கப்போவதில்லை. அது கொள்கையால் வந்த மாற்றமன்று, தம் புகழுக்கு அஞ்சி வந்த மாற்றம் என அவர் கருதினார்.

பாட்டி அன்று பள்ளியில் மறுத்த பாராட்டும், பேரன் பிற்காலத்தில் மறுத்த பதவியும் இடமும் ஒன்றே. நீ மட்டும் உள்ளே வா என்ற அழைப்பு அது. என் மக்கள் வெளியே நிற்க நான் மட்டும் வரமாட்டேன் என்பது அதற்கான விடை.

அமைதி காக்கும் படை

1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் நெருக்கடி எழுந்தது. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டு, போரிடுவோரைப் பிரித்து நிற்க முதன்முதலாக ஐ.நா. படையொன்றை அமைத்தார். பத்து நாடுகளின் வீரர்களைத் திரட்டி அனுப்பி அதனை நடத்தும் பொறுப்பு பஞ்ச் அவர்களிடம் வந்தது. நம் இந்திய வீரர்களும் அப்படையில் பணியாற்றினர். அவர்கள் அணிந்த நீலத் தலைக்கவசம் அன்று முதல் அமைதி காப்போரின் அடையாளமாயிற்று. 1960ஆம் ஆண்டில் காங்கோவிலும், 1964ஆம் ஆண்டு முதல் சைப்ரஸ் தீவிலும் நடந்த அமைதி காக்கும் பணிகளில் அவர் முதன்மைப் பங்கு ஏற்றார். 1965ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த போர் நின்றபின், அந்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் பணியையும் அவரே மேற்பார்த்தார்.

தோல்விகளும் உண்டு. 1967ஆம் ஆண்டில் எகிப்து கேட்டுக்கொண்டதன் பேரில் சூயஸ் பகுதிப் படை விலக்கப்பட்டது. சில வாரங்களில் மீண்டும் போர் வெடித்தது. பல்லாண்டு கட்டிய கரை ஒரே நாளில் உடைந்ததைக் கண்டு அவர் மிக வருந்தினார். எனினும் பணியைக் கைவிடவில்லை.

தெருவில் நடந்த தூதர்

உலகத் தூதரானபின் தம் மக்களை மறந்தவரல்லர் அவர். 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டார். 1965 மார்ச் மாதத்தில், வாக்குரிமை கேட்டு அலபாமா மாநிலத்தின் செல்மா நகரிலிருந்து மான்ட்கோமரி வரை மார்ட்டின் லூதர் கிங் நடைப்பயணம் மேற்கொண்டார். அறுபது வயதைக் கடந்து, நீரிழிவாலும் கால் நோயாலும் வருந்திய பஞ்ச், முன்வரிசையில் கிங் அவர்களுடன் நடந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

வெளிநாடுகளுக்கு உரிமைச் சாசனம் எழுதிய கை, உள்நாட்டில் வாக்குச் சீட்டுக்காக நடந்த கால்களுக்குத் துணை நின்றது. உலக அமைதியும் தெருவின் நீதியும் இரண்டல்ல என்பதை அவர் நடந்தே காட்டினார். கண் பார்வை மங்கி, உடல் முற்றும் தளர்ந்த நிலையில் 1971ஆம் ஆண்டில் ஐ.நா. பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் காலமானார். ஐ.நா. தலைமையகத்திற்கு எதிரே அவர் பெயரில் ஒரு பூங்கா இன்றும் உள்ளது.

உடன்படிக்கையும் நாமும்

ரோட்ஸ் பேச்சு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன், 1948 டிசம்பர் 10ஆம் நாள், ஐ.நா. பொது அவை மனித உரிமைகளின் உலகப் பிரகடனத்தை ஏற்றது. மனிதர் அனைவரும் மாண்பிலும் உரிமையிலும் சமம் என உலகம் எழுதிவைத்த நாள் அது. 1965 டிசம்பர் 21ஆம் நாள் இனப் பாகுபாட்டின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை ஏற்கப்பட்டது. இந்தியா 1968ஆம் ஆண்டில் அதனை உறுதிசெய்தது. அவ்வுடன்படிக்கையின் முதற்பிரிவில் இனம், நிறம் என்பவற்றோடு வம்சாவளி என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளது. சாதியும் அச்சொல்லில் அடங்கும் என்று அதனைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2002ஆம் ஆண்டில் விளக்கம் அளித்தது. சாதி வேறு, இன வேற்றுமை வேறு என்பது இந்திய அரசு எடுத்துரைத்துவரும் நிலை. ஒரு சொல்லின் பொருள் குறித்து இவ்வளவு வாதம் எழுவதே, சொல் எவ்வளவு வலியது என்பதற்குச் சான்று. 1999 செப்டம்பர் 13ஆம் நாள் ஐ.நா. அவை அமைதிப் பண்பாடு குறித்த பிரகடனத்தை ஏற்று, அப்பண்பாட்டை வளர்ப்பதில் கல்விக்கு முதன்மையான இடத்தை அளித்தது.

தாளில் எழுதினால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரோட்ஸ் உடன்படிக்கைகள் உருவான அதே 1949ஆம் ஆண்டின் நவம்பர் 26ஆம் நாள் நம் நாட்டின் அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது. அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பின்னும் தீண்டாமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் எழுத்து இல்லாதபோது நம் முன்னோர் இரந்து நின்றனர். எழுத்து வந்தபின் நாம் எடுத்துக்காட்டிக் கேட்கிறோம். இரப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள தொலைவே சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவு. டோகோலாந்தில் பஞ்ச் கண்ட குறை, நிறைவேற்றும் வழியும் மனுக் கொடுக்கும் குரலும் இல்லாமை. நமக்கு அவ்விரண்டும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தக் கற்றவர்கள் வேண்டும். அதற்காகவே நம் சங்கம் தோன்றியது.

நம் சங்கத்தின் உதவியால் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கிறேன். நாளை நீங்கள் முதலிடம் பெறும்போது, நீ அவர்களைப் போல் இல்லை என எவரேனும் உங்களைப் பாராட்டக்கூடும். அன்று என்னைப் போல் கைகூப்பி நில்லாதீர்கள். லூசி ஜான்சன் அம்மையாரை நினைந்து, பணிவோடும் தெளிவோடும், நானும் அவர்களுள் ஒருவனே, அவர்களால்தான் இங்கு நிற்கிறேன் என்று கூறுங்கள். பிறகு வீடு திரும்பி, உங்களுக்குப் பின் படிக்கும் பிள்ளைக்காக நிதி திரட்டும் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள்.